வெறும் சாலையில் விழுந்த கட்டங்கள்

அனுப்புநர்:
பணிநீக்கம் செய்யப்பட்ட படக்குறிப்பாளரின் அண்ணி,
மாடி வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: திரைக் கோளாறால் நேர்ந்த தவறை என் நாத்தனார் செய்த மோசடி என்று முடிவு கட்டியது – மறுவிசாரணை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வீட்டோடு இருப்பவள். எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும். செய்தியில் பிழை இல்லை. வீட்டுக் கணக்கைப் போலவே இதையும், கடவுள் பார்க்கிறார் என்ற பயத்தோடு எழுதுகிறேன்.

2. என் கணவரின் தங்கை எங்களோடு இருந்துகொண்டு, வீட்டிலிருந்தே வேலை செய்துவந்தாள். சாலைப் படங்களில் தெரியும் ஒவ்வொரு மனிதரையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டிகள், எது ஆள், எது வெறும் சாலை என்று அந்தக் கட்டங்களை வைத்துத்தான் கற்கின்றனவாம்.

3. நிறுவனம் புதிதாக, மிகத் துல்லியமான திரை ஒன்றை அனுப்பியது. அதில் எழுத்தெல்லாம் எறும்பு போலத் தெரிந்ததால், அவர்கள் சொன்னபடியே எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்தாள். கட்டம் போடும் மென்பொருள் அந்தப் பெரிதாக்கலைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆள் மேல் போட்ட கட்டம், சேமித்துத் திறந்தால் இடப்பக்கம் தள்ளி நின்றது. படத்தின் வலது ஓரத்துக்குப் போகப் போக விலகலும் கூடியது.

4. மேற்பார்வையாளரிடம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று கேட்ட பதில்: "ஸ்கிரீன் புதுசும்மா. உங்க கண்ணைப் போய்க் காட்டுங்க." வேறு வழியின்றி, விலகும் அளவைப் பழகிக்கொண்டு, ஆளுக்கு வலப்பக்கம் வெறும் சாலையில் கட்டம் போட ஆரம்பித்தாள். சேமித்ததும் அது ஆள் மேல் சரியாகப் போய் உட்காரும். காப்பி கொடுக்கப் போகும்போதெல்லாம், "என்னடி, காத்துக்குக் கட்டம் கட்டறியா?" என்று கேலி செய்திருக்கிறேன்.

5. பிறகு நிறுவனம் மென்பொருளைச் சரிசெய்தது. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சேமித்த படத்தைத் திறந்து பார்ப்பது நேர விரயம் என்று ஏற்கெனவே தடுத்திருந்தார்கள். அவளும் பழகிய கையோடு தள்ளித் தள்ளியே போட்டாள். இந்த முறை கட்டங்கள் போட்ட இடத்திலேயே நின்றுவிட்டன.

6. 'வேண்டுமென்றே பொய்க் குறி இட்டவர்' என்று எழுதி நீக்கிவிட்டார்கள். அந்த உத்தரவைப் பார்த்தபின் வேறு யாரும் வேலை தரவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்கிறாள். ஆனால் கடைக்குப் போகையில் சாலையைக் கடக்கும் இடத்தில் நின்றுவிடுகிறாள். கையைப் பிடித்து இழுத்தாலும் வருவதில்லை.

7. பொய்க் குறி என்று சொன்ன நிறுவனம் அந்தப் படங்களைத் திரும்பப் பெறவில்லை. கேட்டதற்கு மேற்பார்வையாளர், "அதெல்லாம் வண்டிக் கம்பெனிக்கு அனுப்பியாச்சும்மா. திரும்பக் கேட்டா எங்க பேரு என்ன ஆகும்?" என்றார்.

8. வேலையைத் திரும்பக் கேட்டு எழுதட்டுமா என்றேன். "வேலை வேணாம் அண்ணி. அந்தப் படத்தையெல்லாம் எடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே, அதே திரையில், பழைய மென்பொருளோடு அவளை உட்காரவைத்துப் பார்த்து, மோசடி என்ற சொல்லை நீக்க வேண்டுகிறேன். அதற்கும் முன்பாக, அந்தப் படங்களைத் திரும்பப் பெற உத்தரவிட வேண்டுகிறேன். என் நாத்தனாரின் பெயர் விசாரணை வரை காத்திருக்கும். கட்டத்துக்கு வெளியே சாலையில் நிற்பவர்களால் காத்திருக்க முடியாது ஐயா. தங்களுக்கு என்ன காத்திருக்கிறது என்றும் அவர்களுக்குத் தெரியாது.

தங்கள் உத்தரவுக்காகப் பிரார்த்தனையோடு,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: தண்ணீர்த் தொட்டித் தெரு
நாள்: மார்ச் 17