ஓம், நான் சொன்னபடி செய்

இன்று காலை அந்த நாசமாய்ப்போன வசனம் மறுபடியும் என் முன்னால் வந்து நின்றது. ஒப்பீஸ் கொம்பியூட்டரில் லினக்ஸைப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் எல்லாம் சிக்கிவிட்டது. இதற்கு அது தேவை, ஆனால் அது ஏறாது. அதற்கு இன்னொன்று தேவை, அதுவும் ஏறாது என்று திரை முழுக்க ஒரே புலம்பல். எரிச்சலில், வழியை மறித்துக்கொண்டிருந்த அடிப்படை மென்பொருள் பக்கேஜ் ஒன்றையே பிடுங்கி எறியச் சொன்னேன். உடனே கேட்டது: இதைப் பிடுங்கினால் இந்த இயந்திரம் திரும்ப எழும்பாமல் போகலாம், விளங்கித்தான் செய்கிறாய் என்றால் இந்த வசனத்தை ஓர் எழுத்தும் பிசகாமல் அடி. ‘ஓம், நான் சொன்னபடி செய்.’ அது ஆங்கிலத்தில் ‘யெஸ்’ என்றுதான் கேட்கும். எனக்கு மட்டும் எப்போதும் உன் குரலில் தமிழில் கேட்கும்.

கையை எடுத்துவிட்டேன். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது. உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னோடு எனக்கு இன்னும் கோபம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

யுத்தத்தில் படுவான்கரை எரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. வாவிக்கு அந்தப் பக்கத்து ஊர்ச்சனமெல்லாம் பானை சட்டியோடு தோணியிலும் பாலத்திலுமாக ஓடிவந்து பள்ளிக்கூடங்களில் விழுந்து கிடந்தது. டவுனிலிருந்து அடிக்கிற செல் குண்டு நம் கூரைக்கு மேலால் கூவிக்கொண்டு போய் அக்கரையில் விழும். ஒவ்வொரு முறையும் மேசையில் இருக்கிற கோப்பை துள்ளும். ஒரே ஒப்பீஸில் இருந்த நானும் நீயும் அந்தச் சனத்துக்கு நிவாரண அட்டை அடித்துக் கொடுத்தோம். அட்டை இருந்தால் அரிசி, இல்லாவிட்டால் பட்டினி. பழைய பிரிண்டர் செத்துப்போக, புதிதாக வந்ததைப் பழைய லினக்ஸ் அடையாளம் காணவே இல்லை. “அப்ப லினக்ஸைத்தான் மாத்தோணும்” என்று சீடிகளோடு இறங்கினாய். இரண்டாவது சீடியில் ஒரு கீறல். அந்தக் கீறலுக்குள் ஒரேயொரு பக்கேஜ் மாட்டிக்கொண்டது. மற்றதெல்லாம் அதில்தான் சாய்ந்து நின்றது. கொம்பியூட்டர் பாதி பழசு, பாதி புதுசாகத் தொங்கிற்று, ஒரு அட்டை அடிக்க வழியில்லை.

இன்டர்நெட்டுக்கு எங்கே போவது? தெருமுனைக் கொமினிகேசன் கடைக்குப் போய்க் கொழும்பில் இருந்த உன் கூட்டாளிக்குப் போன் எடுத்தாய். எந்தப் பக்கேஜ், எந்தப் பதிப்பு, அது வேறு எதையெல்லாம் கேட்கிறது என்று சத்தமாக வாசித்தாய்: எழுத்து, இலக்கம், புள்ளி, இலக்கம். அவன் அதைச் சீடியில் போட்டு பஸ்காரரிடம் கொடுத்துவிடுவான். நாங்கள் எப்போதும் அப்படித்தானே செய்தோம். ஆனால் அந்தக் காலத்தில் போனில் இலக்கம் வாசிக்கிறவனை உளவு சொல்கிறவன் என்றுதானே நினைப்பார்கள்? பின்னால் நின்ற எவனோ காது கொடுத்துவிட்டான்.

மறுநாள் துவக்குக்காரர் வந்தார்கள். எந்தப் பக்கத்துத் துவக்கு என்று இன்றைக்கும் எழுத எனக்குப் பயம். அப்போது எங்கள் ஊரில் துவக்குக்கு மட்டும் பஞ்சமே இல்லை. கதவு உடைந்து உள்ளே விழுந்தது. உன் தலைமயிரைப் பிடித்து மேசையில் மோதினார்கள். “என்ன இலக்கமடா? ஆருக்குச் சொன்னாய்?” மறுபடியும் மோதினார்கள். கீபோர்ட் முழுக்க உன் மூக்கு இரத்தம். நான் நடுவில் பாய்ந்தேன். துவக்குப் பிடியால் தோளில் ஒரு இடி. அந்தத் தோள் இன்னும் மாரி வந்தால் குடைகிறது. ஒரு செருப்பு அறைக்குள் கிடக்க, உன்னை வாசல்படியில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடித்துக் களைத்தபிறகு வாவிக்கரையில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய மனிசன், காலையில் நேரே ஒப்பீஸுக்கு வந்து நின்றாய். முகம் வீங்கிக் கண் தெரியவில்லை. வலது கை விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. நான் வாயில் வந்ததெல்லாம் ஏசினேன், அழுதேன்.

“பறங்கி வீட்டுப் பிள்ளை நீ, ஒரு பக்கமும் சேராதவன். உன்னை என்னெண்டு சொல்லியடா அடிச்சவங்கள்?”

“கொம்பியூட்டர்க்காரன் எண்டுதான் கா.” சிரிக்கப் பார்த்தாய். முன்பல் இரண்டு இல்லை. “ஓம் எண்டு சொல்லு, ஓம் எண்டு சொல்லு எண்டு அடிச்சானுகள். நான் சொல்லல்ல. இண்டைக்கு இருட்டுறதுக்குள்ள ஊரை விட்டுப் போகாட்டிச் சுடுவானுகளாம்.” மறுகா, ஒன்றும் நடவாதவன் மாதிரி, “சீடி வந்திட்டா?” என்று கேட்டாய்.

சீடி வந்துதான் இருந்தது. பகல் பஸ்ஸும் இன்னும் போகவில்லை. அதை விட்டால் பாதையைப் பூட்டிவிடுவார்கள். “போய்த் தொலையன்!” என்று உன்னைக் கதவுப் பக்கம் தள்ளினேன். அப்போது பார்த்து மண்டூரிலிருந்து ஓடிவந்த ஒரு அக்கா கைப்பிள்ளையோடு ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். “பின்னேரம் அரிசி லொறி வருதாம். நிவாரணக் காட்டை அடிச்சுத் தாங்க. இல்லாட்டி எங்களையும் சுட்டுப்போடுங்க!” அவளுக்குப் பின்னால் முற்றம் முழுக்கச் சனம். யாரோ ஓட்டில் கல்லெறிந்தார்கள். நீ கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய். உன் விரல் போய்விட்டது. ஆகவே நீ சொல்ல நான் அடித்தேன்.

எனக்கு ஒரே அவசரம். உன்னை அந்த பஸ்ஸில் ஏற்றவேண்டும். முட்டிக்கொண்டு நின்ற பழைய அடிப்படைப் பக்கேஜைப் பிடுங்கி எறிந்தால் சட்டென்று வழி திறக்கும் என்று பட்டது. கொம்பியூட்டருக்குச் சொன்னேன். திரையில் அந்த வசனம் வந்தது. ‘ஓம்’ வரைக்கும் அடித்துவிட்டேன்.

“கை வைக்காத!” உடைந்த கையாலேயே மேசையில் அறைந்தாய். நோவில் நீ போட்ட அலறலில் வெளியே சனம் அடங்கிப்போனது. “மேல வாசி! நீ பிடுங்கிறது ஒண்டு. அதில சாஞ்சு நிக்கிறது எத்தினை எண்டு வரிவரியாச் சொல்லுது, உனக்குக் கண் தெரியல்லையா? கேட்டுச் செய்யிற இந்த மெஷினுக்கு இருக்கிற மரியாதை கூட என்னை அடிச்சவனுகளுக்கு இல்ல.”

“நீ சாகப் போறாய்டா!”

“கடைசிப் பிழை சும்மா கத்தும். முதல் பிழையைப் பார். அதிலயிருந்து வாசி.”

வாசித்தேன். வேறென்ன செய்ய? விடுபட்ட அந்த ஒன்றைச் சீடியிலிருந்து தனியாக எடுத்து முதலில் ஏற்றினோம். பிறகு அதில் சாய்ந்தது, பிறகு அதில் சாய்ந்தது. தலைக்கு மேலே செல் கூவிக்கொண்டு போகும், கரண்ட் துடிக்கும், நீ “அடுத்தது” என்பாய். வாயிலிருந்து வழிந்த இரத்தத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு “அடுத்தது” என்பாய். பகல் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு நம் வாசலால்தான் போனது. இரண்டு பேரும் கேட்டோம். நீ “அடுத்தது” என்றாய்.

பின்னேரம் பிரிண்டர் இருமிக்கொண்டு முதல் அட்டையைத் துப்பியது. மண்டூர் அக்கா அதைப் பறித்துக்கொண்டு ஓடினாள். நீ எழும்பினாய். “நாவற்குடாவில அம்மாவிட்ட ஒளிச்சிருந்து விடியப் போறன். இருட்ட இன்னும் பொழுது கிடக்குத்தானே கா” என்றாய். கையை நெஞ்சோடு மடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு போனாய்.

இருட்டவில்லை. அதைத்தான் இத்தனை வருசமாக எல்லாரிடமும் கத்துகிறேன். இருட்டவேயில்லை! அவர்கள் தந்த தவணை கூட முடியவில்லை. அட்டை கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம் ஓடிவந்து சொன்னார்கள். நான் வந்தபோது நாவற்குடாச் சந்தியில் வெயிலில் கிடந்தாய். காதுக்குப் பின்னால் சுட்டிருந்தார்கள். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. நான் உன் சட்டையைப் பிடித்து உலுக்கினேன், கன்னத்தில் அறைந்தேன், “எழும்படா, பஸ் போயிட்டுதடா” என்று திரும்பத் திரும்ப அறைந்தேன். உன் அம்மாதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

உன்னைச் சுட்டவனின் முன்னால் ஒருவரும் ஒரு வரியும் காட்டவில்லை. இவனைப் பிடுங்கினால் இவனுடைய அம்மா அடுத்த மாரியைக் காணமாட்டார், கொழும்புக் கூட்டாளி இனிப் போன் மணி கேட்டாலே நடுங்குவான், ஒப்பீஸில் ஒருத்தி சிரிக்க மறந்துபோவாள், விளங்கித்தான் செய்கிறாயா, வசனத்தை முழுதாக அடி என்று அவனிடம் எதுவும் கேட்கவில்லை. விரலை மடித்தான், முடிந்தது. அவன் கிடைத்தால் இன்றைக்கும் கழுத்தைப் பிடிப்பேன். உன்னையும் பிடிப்பேன், மடையா. அந்த பஸ்ஸில் நீ ஏறியிருக்கலாம்.

அந்த அக்காவின் கைப்பிள்ளை இப்போது வளர்ந்துவிட்டான். போன கிழமை ஒப்பீஸுக்கு ஏதோ கடிதத்துக்கு வந்திருந்தான், தாயும் கூட வந்தாள். என் கையைப் பிடித்தாள். நான் அவனுடைய கடிதத்தை அடித்துக் கொடுத்தேன்.

திரை இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. ‘இல்லை’ என்று அடித்துவிட்டேன். முதல் பிழையைத் தேடி மேலே போகிறேன், அதிலிருந்து வாசிக்கிறேன். தோள் குடைகிறது. மெதுவாகத்தான் போகும், போகட்டும். நான் ஓடிப்போய்ப் பிடிக்கவேண்டிய பஸ் ஒன்றும் இல்லை.