கூவலூர் ரோட்டின் இருநூறாவது ஆள்

டிசம்பர் 3, 2025

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கணும் — யாரிடம் கேட்கிறேன்? நோட்டிடம்தான். அபி தூங்கும்போது மணி பன்னிரண்டு. நர்சரி ஃபாரம் நாளை ஆரம்பம், 26-ஆம் தேதி கடைசி. வாடகை ஒப்பந்தம், தடுப்பூசி அட்டை, ஆறு போட்டோ எல்லாம் கவரில் ரெடி. பிறப்புச் சான்றிதழ் மட்டும் இல்லை. மூன்று வயதுப் பெண், டெல்லி ஜனக்புரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துகிறாள். காகிதப்படி இன்னும் பிறக்கவில்லை.

டிசம்பர் 4

யார் தப்பு என்று எழுதி வைக்கிறேன். எட்டாம் மாதம், அம்மா வீட்டுக்குப் போகிற பாசஞ்சர் வண்டியில் எனக்கு வலி வந்தது. கூவலூர் ரோடு என்ற ஸ்டேஷனில் இறக்கினார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறை பெஞ்சில், பிளாட்பாரத்தில் வடை விற்கிற வள்ளியம்மை கையில் அபி பிறந்தாள். அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆனால் என் வீட்டுக்காரர் ரமேஷ் மத்திய சர்க்கார் குமாஸ்தா. அவர் அப்பாவும் அப்படியே. "பொறந்தது ஸ்டேஷன்ல. அப்ப ஸ்டேஷன் மாஸ்டர் மூலமாத்தான் போகணும். ப்ராப்பர் சேனல்." விண்ணப்பத்தை மூன்று நகலெடுத்துக் கொடுத்தார். நானும் சரி என்றேன். அது எங்கெங்கோ மேலே ஏறி, மூன்று வருஷம் கழித்துப் போன வாரம் இறங்கி வந்திருக்கிறது. ஓரத்தில் சிவப்பு மையில்: "மேற்படி குழந்தை இவ்வலுவலகச் சொத்து அல்ல. திருப்பி அனுப்பப்படுகிறது."

ரமேஷ் கையெழுத்தை உற்றுப் பார்த்து, "அச்சா, ஆபீசர் லெவல்லயே பாத்திருக்காங்க" என்றார். பெருமையாக.

டிசம்பர் 8

கூவலூர் ரோடு பஞ்சாயத்து எழுத்தர் பாலசுப்ரமணியம் போனில் கிடைத்தார்.

"எங்க ஊர்ல பதினாலு வருசமா பொறப்பே கிடையாதும்மா. பொறப்பு ரிஜிஸ்டர் தீந்துபோச்சு. புதுசு கேட்டா, யாராச்சும் பொறந்தா சொல்லும், தாரோம்ங்காங்க. சாவு ரிஜிஸ்டர் ரெண்டு இருக்கு."

பிறகு அரை மணி நேரம் ஊர் வரலாறு. நான் கேட்கவில்லை. கூவலூர் அங்கிருந்து ஐந்து மைல். ஸ்டேஷனுக்காக முளைத்தது இந்த ஊர். நல்ல கிணறு இருந்ததால் நீராவி எஞ்சின்கள் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டு போயின. அந்த இருபது நிமிஷத்தில் பிரயாணிகள் வடை தின்றார்கள், சவரம் செய்துகொண்டார்கள், ஒரு கல்யாணம் பேசி முடித்தார்களாம். அப்போது ஆயிரத்து நானூறு பேர்.

"பொறவு டீசல் வந்துச்சு. அது தண்ணி குடிக்காதுல்லா. ஊரு வத்திப்போச்சு."

இப்போது நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். இருநூறு இல்லையென்றால் பாசஞ்சர் இனி நிற்காது என்று ரயில்வே மேலிடத்துக் கடிதம். ஊரில் பிறந்து வேறெங்கும் பதிவாகாதவரையும் கணக்கில் சேர்க்கலாமாம். அபி எங்குமே பதிவாகாதவள்.

"பிள்ள எங்க ஊருதானம்மா?" என்றார். கெஞ்சுவது நானாக இருக்கும் என்று நினைத்துத்தான் போன் செய்தேன்.

டிசம்பர் 11

புதுச் சிக்கல். அபி பிறந்த ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் நடுவில் ஊர் எல்லை போகிறதாம், பாலசுப்ரமணியம் போனில் சொன்னார். பாதி அறை கூவலூர் ரோடு, பாதி பக்கத்து ஊர். பெஞ்ச் குறுக்கே கிடந்தது.

"தல எந்தப் பக்கம் இருந்துச்சும்மா?"

"யாரோட தலை?"

"ரெண்டு பேரோடதும்."

எனக்கு எப்படித் தெரியும்? ஃபேன் ஓடவில்லை, அது ஒன்றுதான் ஞாபகம். எம்.எஸ்சி. படித்தவள், திசை பார்க்காமல் பெற்றிருக்கிறேன்.

டிசம்பர் 12

ரமேஷ் ஸ்கேல் வைத்து அறையின் வரைபடம் போட்டார். நான் ஒரு அம்புக்குறி.

டிசம்பர் 15

பிளாட்பாரத்தில் ஊர்க்கூட்டம். போனை ஸ்பீக்கரில் போட்டு என்னையும் உட்கார வைத்தார்கள். வள்ளியம்மை சாட்சி.

"தல இந்தப் பக்கம் வந்துச்சு, காலு அந்தப் பக்கம் வந்துச்சு. கோடு பாத்தா பிள்ளையப் பிடிக்க முடியும்?"

தலை வந்தால் பிறப்பா, கால் வந்தால் பிறப்பா என்று ஒரு மணி நேரம். ரமேஷ் என் காதில், "விளக்கம் கோரி எழுதச் சொல்லு" என்றார். நான் முறைத்தேன்.

கடைசியில் வள்ளியம்மைதான் கேட்டாள்: "பிள்ள அழுத சத்தம் எங்க கேட்டுச்சு? டீக்கடையில கேட்டுச்சு. டீக்கடை யாரு ஊரு?"

தீர்மானம்: அழுகை கேட்ட ஊரே பிறந்த ஊர். அந்த நேரம் பார்த்து அபி சிப்ஸ் கேட்டு வீறிட்டாள்.

"இதே சத்தந்தான்" என்றது போன்.

டிசம்பர் 20

சான்றிதழ் வந்துவிட்டது. பிறந்த இடம்: கூவலூர் ரோடு. மூன்று தடவை படித்தேன். ஃபாரமும் போட்டாயிற்று. ரமேஷ் ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் அப்பளமும் முருங்கைக்காயும் வாங்கி வந்தார்.

ஜனவரி 7, 2026

பாலசுப்ரமணியம் போன். 20-ஆம் தேதி ஆள் எண்ண ரயில்வே அதிகாரி வருகிறார். பெயர்ப் பட்டியல் போதாதாம், தலையை எண்ணுவாராம்.

அதே 20-ஆம் தேதிதான் பள்ளியில் சீட்டுக் குலுக்கல். பெற்றோரில் ஒருவர் இருக்க வேண்டும். முதல் வரிசையில் நான் நிற்பதாக ஆறு மாதமாக முடிவு. நான் நின்றால்தான் அபி சீட்டு மேலே வரும். படித்தவள் இப்படி நம்பலாமா? நம்புகிறேன்.

"வரணும்னு சொல்லலம்மா" என்றார். "சான்றிதழ நம்பிக்கையிலதான் அனுப்புனேன், அது ஒங்களுக்குத்தான். நாங்க நூத்தித் தொண்ணூத்தொம்பது பேரு நின்னுக்கிடுதோம்."

திட்டியிருந்தால் நிம்மதியாகப் போனை வைத்திருப்பேன்.

ஜனவரி 8

வேலைக்கு வரும் இந்திராணியிடம் சொன்னேன். இங்கே தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப் இடிபட்ட பிறகு உத்தம் நகரில் தங்கை வீட்டில் ஒண்டியிருக்கிறாள்.

"எங்களையுந்தான் எண்ணுனாங்கக்கா. எண்ணிட்டு இடிச்சாங்க" என்றாள். "எண்ணுனா நிக்கிற ஊரா? பாக்கணுமே." பிறகு, "மாவு பிசையட்டா?"

மாவு பிசைந்து முடித்துப் போய்விட்டாள். எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜனவரி 9

டிக்கெட் எடுத்துவிட்டேன். குலுக்கலுக்கு ரமேஷ். அங்கே எதையும் எழுத்து மூலம் ஆட்சேபிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

டிக்கெட் எடுத்த பிறகுதான் கால அட்டவணையைப் பார்த்தேன். ஜனவரி ஒன்றிலிருந்து, எண்ணிக்கை முடியும்வரை, பாசஞ்சர் கூவலூர் ரோட்டில் நிற்காது. இருநூறு பேர் இருந்தால் வண்டி நிற்கும். இருநூறாவது ஆள் வண்டிக்குள் இருக்கிறாள்.

அனுப்பிய கடிதத்தின் நகல். நகல் எடுக்கிற புத்தி எனக்கும் வந்துவிட்டது:

"பாலசுப்ரமணியம் அண்ணாச்சிக்கு, நானும் அபியும் 20-ஆம் தேதி காலை பாசஞ்சரில் வருகிறோம். கடைசிப் பெட்டி. நீங்கள் சொன்ன வரலாற்றில் பஸ் எங்குமே வரவில்லை, அதனால் வண்டியை விட்டால் வழியில்லை என்று நினைக்கிறேன். நிற்காமல் போனால் டீக்கடைக்கு நேரே அவளை அழ வைக்கிறேன், அதை எண்ணிக்கொள்வார்களா என்று அதிகாரியிடம் கேளுங்கள். வள்ளியம்மைக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்திருக்கிறேன், அதை ஓடும் வண்டியிலிருந்து எறிய எனக்கு விருப்பமில்லை. வண்டி நிற்குமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்."