அக்காவுக்காக ஒரு பாட்டு

திருவண்ணாமலை
14-10-1979

அன்பு மருமகன் ராஜமாணிக்கத்துக்கு உன் தாய்மாமன் அர்ஜுனன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நான் சுகம். மற்றவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பம்பாய் மாதுங்காவில் உன்னைப் பார்த்ததாகச் சொல்லி, கீழ்பென்னாத்தூர் லாரி டிரைவர் ஹபீப் முகம்மது இந்த விலாசத்தைக் கொடுத்தார்.

நம் ரேடியோக்காரர்கள் மாறுவார்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன். "கடலை வில, மழ நெலவரம்னே ஓட்டிக்கினு இருந்தா எளவட்டம் பூரா சிலோன் ரேடியோவுக்குப் போயிடும். ஒருநாளு இவங்களே பாட்டத் தூக்கிக்கினு பின்னாடி ஓடியாருவாங்க பாரு"ன்னு சொன்னேனா இல்லையா? வந்துவிட்டார்கள். சென்னை ரேடியோவில் இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு இளவட்டங்களுக்கென்றே அரை மணி நேரம். கிதார் என்ன, டிரம்ஸ் என்ன! பேசுகிற பெண்ணும் முன்பு போல எழுதி வைத்ததை வாசிப்பதில்லை, பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி சிரித்துப் பேசுகிறாள். கார்டு போட்டால் நம் பேரைச் சொல்லிப் பாட்டு வைக்கிறாள்.

இதற்கு மூல காரணம் நான் எழுதிய நாற்பது கார்டுகள். ஒரு கார்டை அங்கே பெரிய அதிகாரி கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். ஐந்தாவது தாண்டாதவன் கையெழுத்து! என் மைக் செட் கடைக்கு வருகிறவர்களெல்லாம் இதைக் கேட்டு வாயைப் பிளக்கிறார்கள்.

இந்த மாற்றம் இரண்டு வருஷம் முந்தி வந்திருந்தால் நீ வீட்டில் இருந்திருப்பாய். உன் அப்பா கடலை விலை கேட்கும் நேரம் பார்த்து நீ ரேடியோ முள்ளைச் சிலோனுக்குத் திருப்பினாய். அவர் அறைந்தார். என் அக்கா, உன்னைப் பெற்றவள், தடுக்கவில்லை. "போனா போறான், பசிச்சா தானா வருவான்"னு அவள் சொன்னதை நீ வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாயாமே. பசித்தவன் வரவில்லை. ஒரு வரி எழுதவும் இல்லை. இப்போது ஐந்து மணியானால் உன் அப்பாவே அந்தப் பாட்டுகளை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

போன மாசம் ஒருநாள் கடையில் கேட்டுக்கொண்டிருந்தேன். "திருவண்ணாமலை சந்திரம்மாளுக்காக, பம்பாயிலிருந்து அவருடைய மகன் ராஜமாணிக்கம் விரும்பிக் கேட்ட பாடல்" என்றாள் அந்தப் பெண். கையிலிருந்த ஆம்ப்ளிபயரை அப்படியே போட்டுவிட்டுத் தேரடி வீதி முழுக்க ஓடிப் போய் அக்காவிடம் சொன்னேன். "என் பேரச் சொன்னானாடா? கோவம் தீந்துட்டுதாடா?"ன்னு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறு மாசமாக இறங்காத சோறு அன்றைக்கு இரண்டு பிடி இறங்கியது.

ஆமாம், அதை எழுதத்தான் இவ்வளவு சுற்றினேன். அக்காவுக்கு வயிற்றில் கட்டி. வேலூரில் பெரிய டாக்டர் பார்த்தார். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்தாக வேண்டும், அதற்கு மேல் தள்ளினால் தன் கையில் இல்லை என்றார். ஆஸ்பத்திரியில் படுக்கைக்கும் சொல்லிவிட்டு வந்தோம். இவள் கிளம்ப மாட்டேன் என்கிறாள். "அங்க வார்டுல ரேடியோ வெக்க வுடுவாங்களா? நான் மயக்கத்துல கெடக்கறப்ப புள்ள பேரு வந்துட்டா?"ன்னு கேட்கிறாள். தினமும் அஞ்சு மணிக்கு ரேடியோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். நம் தமிழ்ப் பாட்டும் புரியாத அந்த இங்கிலீஷ் பாட்டும் அவளுக்கு ஒன்றுதான். பேர் சொல்கிற இடம் வந்தால் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். இன்று இருபத்தாறாவது நாள். இளைத்துப் பாதியாகிவிட்டாள்.

ரேடியோவுக்குக் கார்டு போடாதே அப்பா. அவர்கள் எடுத்துப் படிக்க இரண்டு மாசம் ஆகும், அக்காவுக்கு அவ்வளவு நாள் கிடையாது. நேரே அவளுக்கு எழுது. "அம்மா, அந்தப் பாட்டு நான் கேட்டதுதான், நீ வேலூர் போ" என்று உன் கையால் எழுது. வர முடிந்தால் வா. உன் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அதற்கு நான் பொறுப்பு. அண்ணாமலையார் உன்னை நல்லபடி வைக்கட்டும்.

நாற்பது கார்டு என்றேன், கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். நீ எந்தப் பாட்டும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும் ராஜா. அன்றைக்கு ரேடியோவில் உன் பேர் வரவில்லை. அவள் சாப்பிடட்டும் என்று நான்தான் சொன்னேன்.

இப்படிக்கு
உன் மாமன்
அர்ஜுனன்