அக்கா தப்பிச்சா நான் மாட்டிக்கணுமா?

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். லகாட் பக்கம் மலையையே காணோம், யாரோ அழிரப்பர் போட்டுத் தேய்ச்ச மாதிரி. ஸ்கூல் லீவு.

அக்காவோட ரத்தப் பரிசோதனை முடிவு நாளைக்கு. போன வருஷம் அம்மாவுக்கு மார்புல புற்று, ஆபரேஷன். காரணம் பிறவியிலேயே ஒரு மரபணுப் பழுது. அது அக்காவுக்கும் வந்திருக்கான்னு பார்க்குறாங்க. எனக்குப் பதினேழு. பதினெட்டு ஆகாம பார்க்க மாட்டாங்களாம். பேய்ப்பட டிக்கெட் மாதிரி.

அக்கா செருப்புல பிளாஸ்டிக் பல்லி வச்சேன். கத்தல. எடுத்து மேசை மேல வச்சிட்டுப் போயிட்டா. அவ்வளவு பயம்.

ஜூன் 4, புதன்

ஈப்போ. ஆஸ்பத்திரிக் குளிர், பல்லு டைப் அடிக்குது.

டாக்டரம்மா முதல்ல ஒரு படம் காட்டினாங்க. நீல உருண்டையா ஒரு செல். உள்ள பச்சைப் பொட்டுகள், மின்மினி மாதிரி. டிஎன்ஏ அறுந்த இடத்துல அப்படி மினுங்குமாம். எல்லார் உடம்புலயும் தினம் அறுமாம். செல் பெருகுறதை நிறுத்திட்டு, ரிப்பேர் கூட்டம் ஓடி வந்து ஒட்டும். ஒட்டினதும் பொட்டு அணையும். ஊரே கூடி வேலை செய்யுற கொத்தோங் ரோயோங் மாதிரி. ஒட்டுற ஆளே இல்லாத செல்லுல அணையாம கிடக்குமாம். முடிவை மறந்துட்டு அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

அம்மா சொன்னாங்க: அப்ப நான் ஸ்பேர் டயர் இல்லாத காடி. ஓடும். பஞ்சரானாத்தான் வம்பு.

அக்காவுக்கு அந்தப் பழுது இல்லை.

அழுதா. சந்தோஷம்னு நினைச்சேன். காடியில ஏறினதும் சொன்னா: "ஐம்பதுக்கு ஐம்பதுன்னாங்கல்ல. நான் தப்பிச்சிட்டேன். அப்ப உனக்குத்தானடி."

அம்மா கண்ணாடியில என்னையே பார்த்துப் பார்த்து ஓட்டினாங்க.

ஜூன் 6, வெள்ளி

விஷயம் கேட்டு பாகான் செராயிலிருந்து பெரியம்மா, பஸ்ல.

இன்றைய வரவு: மீன் தலை எனக்கே. அக்கா போன் எனக்கே. பாத்திரம் கழுவ வேணாம்.

அடுப்படியில பெரியம்மா: "பாவம்லா சின்னவ." சும்மா ஒரு இருமல் விட்டேன். ஐஸ்கிரீம் வந்துச்சு. ஒரு கரண்டியோட மூடி வச்சிட்டேன்.

மத்தியானம் தூக்கம். கனவுல எனக்குள்ள ஒரு பழைய ரப்பர்த் தோட்டம். பால்மரம் வரிசை வரிசையா, மரத்துக்கு மரம் பச்சை வெளிச்சம். யாரோ நடந்து போய் ஒண்ணொண்ணா அணைக்குறாங்க. முகம் தெரியல. அவசரமே இல்லாத நடை. டீ குடிக்க எழுப்பிட்டாங்க. கடைசி வரிசை வரைக்கும் போனாங்களோ என்னமோ.

ஜூன் 7, சனி

வெயில். மலை திரும்பி வந்துடுச்சு.

நேத்தே டாக்டரம்மாவைப் போன்ல கேட்டுட்டேன். அக்கா முடிவுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லையாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசா காசு சுண்டுற மாதிரி. சொன்னேன், பெரியம்மா ஒத்துக்கல. ரெண்டு பிள்ளையில ஒண்ணு, கணக்கு சரியாத்தானே வருதுன்னாங்க.

இருபது காசு எடுத்தேன். இது அக்கான்னு சுண்டினேன். பூ விழுந்துச்சு, தப்பிச்சா. இப்ப எனக்கு நம்பர்தான் விழணும்னு காசுக்கு யாரு சொல்லிக் குடுத்தா, பாருங்கன்னு மறுபடி சுண்டினேன்.

விழுறதுக்குள்ள அம்மா பிடிச்சிட்டாங்க. விரலை மடக்கி, ஆபரேஷன் பண்ண பக்கம் நெஞ்சோட வச்சுக்கிட்டாங்க.

"சும்மா விளையாட்டும்மா. திறங்க."

"இருக்கட்டும்."

காசுக் கையைத் திறக்காம, அம்மா ஒத்தைக் கையாலயே எல்லாருக்கும் சோறு போட்டாங்க.