கடைசிக் கோட்டுக்குக் கீழே

மச்சான்,

இன்று காலை பத்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. வைகாசி வேக்காடு உங்களுக்குத் தெரியாததா? ஒரு இலை அசையவில்லை. முகம் துடைத்த முந்தானையைப் பிழிந்து காயப்போடலாம் போலிருந்தது. ஃபிரிட்ஜில் ஐஸ் உருகித் தரையெல்லாம் ஒழுகியது. துடைக்கிறேன் என்று நம் மருமகள் உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்தாள். ஊறுகாய் ஜாடிக்குப் பின்னாலிருந்து ஒரு அரை லிட்டர் பாட்டிலைத் தூக்கினாள்.

"மாமி, இதுல அடியில கொஞ்சூண்டு தண்ணி கெடக்கு. கொட்டிரட்டா?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திறந்துவிட்டாள்.

"ஏட்டி, வையி அத!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளை மூடியைக் கீழே போட்டுவிட்டாள். பாவம், அவள் இந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. உங்களை அவள் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பாட்டிலில் பச்சை மார்க்கரால் நாலு கோடு போட்டவள் நான்தான் என்றும், கடைசிக் கோட்டுக்குக் கீழே கிடப்பது உங்கள் ராத்திரிப் பங்கு என்றும் அவளுக்கு யார் சொல்வது?

இருபத்தொரு வருஷம் நீங்கள் வளைகுடாவில் இருந்தீர்கள். அந்த இருபத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூட தென்காசியில் சாரல் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் நான். வேறு யாரையும் கைகாட்ட எனக்கு வழியில்லை.

"பிள்ளையளுக்கு லீவு விட்ட பொறவு வாங்க. பள்ளிக்கூடம் இருக்கும்போது வந்தியன்னா அதுக வாப்பா மொகத்த எப்பம் பாக்கும்?" என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் சொல்வேன். நம் தெருவில் வெளிநாட்டுக்குப் போன ஆம்பிளைகள் முக்கால்வாசிப் பேருக்கு வீட்டில் இதே உத்தரவுதான். நீங்களும் சித்திரையில் வருவீர்கள். கத்திரி வெயில் முழுவதையும் எங்களோடு சேர்ந்து அவிந்துவிட்டு, பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் பெட்டியைக் கட்டுவீர்கள். ஏர்போர்ட்டுக்கு உங்களை ஏற்றிப் போகும் வேன் செங்கோட்டை ரோட்டில் திரும்பியிருக்காது, மேற்கே மலை கறுத்துக் காற்று கிளம்பிவிடும்.

"அங்கன சுடுது, இங்கன அவியுது. நல்லாத்தான் எழுதி வச்சிருக்கான் எனக்கு" என்று சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேனே மச்சான்.

ஒரு வருஷம் பிள்ளைகள் அடம்பிடித்தார்கள் என்று குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மெயினருவியில் வெறும் பாறைதான் இருந்தது. ஓரமாக ஒரு கோடு மாதிரித் தண்ணீர் கசிந்தது, அதற்கும் முப்பது பேர் வரிசை. சின்னவன் அழுதான். நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போய், கடைத்தெருக் குழாயடியில் நிறுத்தி, கையால் தண்ணீரை அள்ளி அள்ளி அவன் தலையில் வீசி, "இந்தா பாத்தியாலே, வாப்பா அருவி!" என்றீர்கள். அழுதவன் கெக்கெக்கென்று சிரித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னீர்கள்: "ஒரு சீசனுக்காவது இங்கன இருக்கணும் புள்ள. மழையும் இல்லாம வெயிலும் இல்லாம, மேல பூ மாதிரி விழுமே, அதுல சும்மா நிக்கணும்."

அதனால்தான் அந்த போன் பழக்கம் வந்தது. வருஷத்தின் முதல் சாரல் விழுகிற அன்று நான் உங்களைக் கூப்பிடுவேன். போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடிப்பேன். பக்கத்து வீட்டுத் தகரத்தில் படபடவென்று சத்தம் கேட்கும். நான் வாய் ஓயாதவள், "கேக்கா மச்சான், கேக்கா?" என்று குறுக்கே குறுக்கே பேசுவேன். "பேசாத புள்ள. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு" என்பீர்கள். வருஷத்துக்குப் பத்து நிமிஷம், அதுதான் நான் உங்களிடம் வாயை மூடிக்கொண்டிருந்த நேரம்.

நீங்களும் ஒரு பொய் சொன்னீர்கள். "ஸ்டோர்ல உக்காந்து சாமான் எடுத்துக் குடுக்குத வேல. நாள் பூரா ஏசிதான்" என்றீர்கள். லீவில் வரும்போதெல்லாம் உங்கள் நெற்றியில் ஹெல்மெட் அளவுக்கு மேலே வெளுப்பும் கீழே கருப்புமாக ஒரு கோடு இருக்கும். பார்த்தேன். எண்ணெய் தேய்த்துவிட்டேன். ஏசி ரூமில் எதற்கு ஹெல்மெட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள் என்ற பயம்தான்.

கிட்னி இரண்டும் போய் நீங்கள் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது, டாக்டர்தான் கேட்டார், வெயிலில் நிற்கிற வேலையா என்று. "குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுத வேல சார். ஒண்ணுக்குப் போக எடம் கெடையாது, அதனால தண்ணி கம்மியாத்தான் குடிப்போம்" என்றீர்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தீர்கள்.

வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். ஒரு நாளைக்குக் குடிக்க அரை லிட்டர் தண்ணீர், அதற்குமேல் போனால் நெஞ்சில் நீர் கோத்துவிடும் என்றார்கள். அதுவும் எந்த மாதத்தில்? பங்குனியில் தொடங்கி வைகாசி வரைக்கும். நான் பாட்டிலில் நாலு கோடு போட்டேன்: காலை, மத்தியானம், அசர், ராத்திரி. ஊரே மோரும் நொங்கும் சர்பத்துமாகக் குடித்துக்கொண்டிருக்க, நீங்கள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எனக்குத் தாகம் எடுத்தால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும் மச்சான். யாரிடமும் சொல்லாதது. நீங்கள் தொழுகைக்கு ஒளு எடுக்கும்போது நான் வாசலில் வந்து நிற்பேனே, நினைவிருக்கிறதா? வாய் கொப்பளிக்கிற தண்ணீரை விழுங்கிவிடுவீர்களோ என்று பார்க்கத்தான் நின்றேன். மூன்று தடவை கொப்பளிப்பீர்கள், மூன்று தடவையும் நீங்கள் துப்புகிற வரைக்கும் நகர மாட்டேன். ஒரு நாள் துப்பிவிட்டு, வாயைத் துடைக்காமல் என்னைப் பார்த்தீர்கள். "தொழப்போறவனக்கூட நம்ப மாட்டியாட்டி?" என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரிக் கேட்டீர்கள்.

"சாரல் வந்துட்டுன்னா தாகமே எடுக்காது. இன்னும் பத்து நாளுதான்" என்று சமாதானம் சொல்வேன். பத்து நாள் போகும், மறுபடியும் பத்து நாள் என்பேன். நீங்கள் சாயந்திரமானால் மொட்டைமாடியில் நாற்காலி போட்டு மலையைப் பார்ப்பீர்கள். "இன்னிக்கு மேகம் எறங்குத மாதிரி இருக்குல்லா?" என்பீர்கள். அந்த வருஷம் சாரல் பிந்திவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் மலை மொட்டையாகவே நின்றது.

அன்று சாயந்திரம் அசர் தொழுகைக்குப் பிறகு, "ராத்திரிப் பங்க இப்பவே குடு. ஒரு மடக்கு போதும்" என்றீர்கள். "இப்பம் குடிச்சிட்டு ராத்திரிக்கு என்ன செய்வியளாம்? மஃரிபு ஆகட்டும்" என்றேன். இதுதான் நான் உங்களிடம் பேசிய கடைசிப் பேச்சு. பொழுது அடைந்து மஃரிபு பாங்கு சொன்னபோது பாட்டிலும் டம்ளருமாக வந்தேன். நீங்கள் சுவர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். கண் திறந்திருந்தது. கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். பிறகு எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை.

அடக்கம் செய்துவிட்டு வந்த பெரியவன் கால் கழுவாமல் நேரே என்னிடம் வந்தான். "வாப்பா கபுருல தண்ணி ஊத்துனியளா?" என்று கேட்டேன். "தலமாட்டுலேருந்து கால்மாடு வரைக்கும் ஒரு கொடம் ஊத்துனோம்மா" என்றான். ஒரு குடம்! நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான். நான் எதற்கு அழுகிறேன் என்று புரியாமல் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஒன்பதாம் நாள் சாரல் வந்தது. நான் உங்களுக்காக இத்தா இருந்து, வெளியே தலைகாட்டாமல் அறைக்குள் கிடந்தேன். தகரத்தில் முதல் சத்தம் கேட்டதும் என் கை தானாகப் போனை எடுத்தது. ஜன்னல் வரைக்கும் போன பிறகுதான் யாரைக் கூப்பிடுவது என்று விளங்கியது. அதே போனில் அந்த நேரம் பெரியவன் கூப்பிட்டான்.

"உம்மா, மையவாடியில நிக்கேன். வாப்பா கபுரு மேல நல்லா விழுது. மண்ணு பூரா நனஞ்சிட்டும்மா. சத்தம் கேக்கா?"

"பேசாத மக்கா. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு" என்றேன்.

இன்று மத்தியானம் கரண்ட் வந்துவிட்டது. மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோபமில்லை என்று சொல்லி, உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். "அந்தத் தண்ணிய மாமா கபுருல ஊத்திரலாமே மாமி" என்றாள். நல்ல பிள்ளை. அவள் சொல்வது சரிதான். பெரியவனிடம் கொடுத்துவிடலாம் என்று பாட்டிலைக் கையில் எடுத்தேன். ஒரு மடக்குதான் இருக்கும். நீங்கள் கேட்டதும் அவ்வளவுதான்.

மூடியை இறுக்கி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன், மச்சான்.