மூடுபனியில் ஹாரனை நிறுத்தச் சொன்னவள் நான்

அனுப்புநர்:
அ. சிவரஞ்சனி,
கிராம சுகாதார செவிலியர்,
நடுத்திட்டு,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
அரியலூர்.

பொருள்: கொள்ளிடம் – நடுத்திட்டுப் படகுத்துறை – 22.12.2025 அன்று படகுகள் மோதியது – ஹாரன் ஒலிக்காததன் உண்மைக் காரணம் தெரிவித்தல் – படகோட்டியை மீண்டும் பணியமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தைச் சேர்ந்தவள். மக்காச்சோளக் காட்டில் வளர்ந்த எனக்கு ஆற்றுப் பனியைப் பற்றி எதுவும் தெரியாது. இரண்டு ஆண்டுகளாகக் கரையில் குடியிருந்து, விசைப்படகில் ஆற்றின் நடுவே உள்ள நடுத்திட்டுக்குப் பணிக்குச் சென்று வருகிறேன்.

2. அப்படகை ஓட்டிய திரு. மதுரைவீரன், முன்பு துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் வேலை பார்த்தவர். பனி இறங்கி எதிர்க்கரை மறைந்துவிட்டால், படகு ஓடும்போது இரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறை நீளமாக ஹாரன் அடிப்பார். இன்ஜினை அணைத்து நின்றால் இரண்டு முறை. கடலில் கப்பல்களுக்கு உள்ள இந்த விதியை ஆற்றில் அவரிடம் யாரும் கேட்டதில்லை, அவராகவே கடைப்பிடித்தார். துடுப்புப் படகில் பால் கொண்டுவரும் திரு. தர்மராஜ், அந்தச் சத்தம் கேட்டதும் கேனைத் தட்டிப் பதில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

3. சம்பவத்தன்று காலை ஏழு மணிக்குப் படகின் முனைகூடத் தெரியாத பனி. என் மேலதிகாரி கைப்பேசியில் தடுப்பூசி விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஹாரன் சத்தத்தில் அவர் பேசியது கேட்காததால், "அண்ணே, கொஞ்ச நேரம் அடிக்காதீங்க" என்றேன். "பனியா இருக்கும்மா, அடிக்காம போகக் கூடாது" என்றார். நான் எரிச்சலுடன், "ரெண்டு நிமிசத்துல என்ன ஆயிடப்போவுது" என்றேன். அவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

4. நான் கைப்பேசியில் பேசி முடிப்பதற்குள், எதிரே வந்த பால் படகில் எங்கள் படகு மோதியது. இரு படகுகளுக்கும் இடையில் சிக்கி, திரு. தர்மராஜின் இடது கை விரல்கள் மூன்று நசுங்கின. முதலுதவி செய்தவளும் நான்தான்.

5. விசாரணையில் மற்ற பயணிகள் நால்வரும் ஹாரன் ஒலிக்கவில்லை என்றனர்; இன்ஜின் சத்தத்தில் நான் சொன்னது அவர்களுக்குக் கேட்டிருக்கவில்லை. அது உண்மை. காரணம் கேட்டபோது, திரு. மதுரைவீரன், "எந் தப்புதாங்க" என்று மட்டும் சொன்னார். நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை. மறுநாளே அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

6. சென்ற புதன்கிழமை அவர் மனைவி பெரியம்மாள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தார். "நீங்களும் அன்னிக்கு படகுல இருந்தீங்களாமே. ஏன் அடிக்காம போனாருன்னு கேட்டா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாரும்மா" என்றார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அன்று முதல் உறக்கமில்லை.

7. எனவே, என் வாக்குமூலத்தைப் பதிவு செய்து, திரு. மதுரைவீரனை மீண்டும் பணியமர்த்த ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். துடுப்புப் படகு உட்பட எல்லாப் படகுகளிலும் ஒலி எழுப்பும் சாதனம் கட்டாயமாக்கப்பட வேண்டும். பனியில் ஹாரனை நிறுத்தச் சொல்லப் பயணி எவருக்கும் உரிமையில்லை எனப் படகுத்துறையில் பலகை வைக்கவும் கோருகிறேன். என் மீது எடுக்கப்படும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன்.

8. இம்மனுவை நேற்று திரு. தர்மராஜிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும், "அப்ப அவன் அடிச்சிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்" என்றார். ஆமாம் என்றேன். அவரிடம் சொன்ன அதே பதிலைத் தங்கள் முன்பும் கையொப்பமிட்டு உறுதி செய்கிறேன்.

இடம்: அரியலூர்
நாள்: 12.01.2026

இப்படிக்கு,
அ. சிவரஞ்சனி