நோர்வேச் சொல்லை எங்கே உடைப்பது

பெப்ரவரி 9, 1976. திங்கள்

காலையில் பனி, பிறகு மழை, தெருவெல்லாம் சேறு. குயின் தெரு ட்ராம் வண்டி இருபது நிமிடம் பிந்தி வந்தது. சப்பாத்துக்குள் தண்ணீர்.

அச்சகத்தில் மிஸிஸ் லுன்னின் புத்தகம். இங்கே பிறந்த நோர்வேப் பிள்ளைகளின் சனிக்கிழமை வகுப்புக்காக அந்த அம்மா எழுதியது. பாதி ஆங்கிலம், பாதி நோர்வே. மூன்று அத்தியாயம் அடித்துப் பக்கங்களாக ஒட்டியாயிற்று. இன்று நாலாவது.

அதன் முதல் பக்கத்திலேயே அந்த விதி. நோர்வேயில் இரண்டு சொல்லை இடைவெளியில்லாமல் ஒட்டி ஒரு சொல்லாக்குவார்களாம். வரிமுடிவில் வெட்டினால் அந்த மூட்டில்தான் வெட்ட வேண்டுமாம். நானோ யாழ்ப்பாணத்தில் பதினொரு வருஷம் தமிழ் எழுத்துக் கோத்தவன். வரி எங்கே நிரம்புகிறதோ அங்கே வெட்டு. அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காவிட்டால் சரி. நோர்வேயையும் அப்படியே வெட்டித் தள்ளியிருக்கிறேன். மூன்று அத்தியாயம்!

எல்லாம் சிவாவால். அறையில் கூட இருப்பவன். இந்த வேலைக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தவன். தெரிந்த மொழிகள்: ஆங்கிலம், தமிழ், சிங்களம், நோர்வே. அவனுடைய தமையன் ஒஸ்லோவில் இருக்கிறாராம், அதனால் எனக்கும் நோர்வே தெரியுமாம். “உதை ஆர் பாக்கப் போறாங்கள்?” என்றான். முதலாளி மி. டொயில் பார்த்திருக்கிறார். அதை நம்பித்தான் இந்தப் புத்தகத்தையே எடுத்தாராம், இன்று வாய்விட்டுச் சொன்னார். கையெழுத்து என்னுடையது.

வாங்க: பாண், பால், ஏரோகிராம் இரண்டு.

பெப். 10, செவ்வாய்

வெயில், ஆனால் மூக்கு விறைக்கும் குளிர். ஊரிலிருந்து மனைவி மலரின் கடிதம். பிள்ளைக்குக் காய்ச்சல் சுகமாம். எப்போது கூப்பிடுவீர்கள் என்று இந்த முறை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வருகிற திங்கள் இமிகிரேஷனில் நேர்முகம். நிரந்தர வேலை என்று முதலாளியின் கடிதம் இருந்தால்தான் மலரையும் பிள்ளையையும் கூப்பிடலாம். வெள்ளி தருவதாக மி. டொயில். அதற்கு முதல்நாள் மிஸிஸ் லுன் பக்கங்களைப் பார்க்க வருகிறார். சிவாவின் புத்திமதி: “கடிதம் கைக்கு வாற வரைக்கும் வாயைத் திறக்காதை.”

நாலாம் அத்தியாயத்தைப் பாடமாக்குகிறேன். யார்ன்பானெ. யார்ன் இரும்பு, பானெ பாதை. அட, இரும்புப்பாதை! அர்பெய்ட்ஸ்பிளாஸ், வேலையிடம். நடுவில் நிற்கும் ‘ஸ்’ முன்சொல்லோடு போக வேண்டும், நம்முடைய இரும்புப்பாதையின் ‘ப்’ மாதிரி. அழுத்தம் முன்சொல்லில். ஆண்பாலா பெண்பாலா என்று தீர்மானிப்பது பின்சொல். மூட்டில்லாத தனிச்சொல்லென்றால் ஒரு மெய்யெழுத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டும். அச்சகக் கழிவறைக்குள் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். செத்தேன் என்று நினைத்தேன்.

பெப். 11, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சவர பிளேட்டும் கையுமாக. பிழையாக வெட்டியவை அறுபதுக்கு மேல். வரியைத் திரும்ப அடித்து, பழையதைக் கீறி எடுத்து, புதியதை ஒட்டி. இடது பெருவிரலில் வெட்டு. பன்னிரண்டாம் பக்கத்தில் இரத்தம், அதையும் திரும்ப அடித்தேன்.

என்ன செய்கிறாய் என்று மி. டொயில் கேட்டார். சரிபார்க்கிறேன் என்றேன். சிவா எழுதியது ஒரு பொய், இது நானே சொன்னது.

பெப். 12, வியாழன்

பத்து மணிக்கு மிஸிஸ் லுன் வந்தார். அறுபது வயதிருக்கும். கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே இருந்து வாசிக்கத் தொடங்கினார், சத்தமாக. ஒவ்வொரு சொல்லின் முன்பாதிக்கும் விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு.

பதினேழாம் பக்கத்தில் தட்டு நின்றது. பார்னெஹாகெ, பிள்ளைகள் தோட்டம், அதாவது பாலர் பள்ளி. பார்னெஹ் என்று ஒரு வரி, ஆகெ என்று அடுத்த வரி. எப்படித் தவறவிட்டேன்? என் பக்கம் திரும்பி நோர்வேயில் ஏதோ கேட்டார். மி. டொயில் கோப்பியோடு வாசலில் நின்றார்.

ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்: “எனக்கு நோர்வே தெரியாது. தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது பிழை.” சிவாவின் பெயரை எடுக்கவில்லை.

“அப்படியானால் மற்றச் சொற்களைச் சரியாக வெட்டியது யார்?” என்றார் மிஸிஸ் லுன்.

“நான்தான். உங்கள் நாலாம் அத்தியாயத்தைப் பார்த்து.”

அந்த அம்மா அத்தியாயத்தை எடுத்துப் புரட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷமாக மண்டையில் ஏறாத விதி இது என்றார். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமை. மி. டொயில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

பெப். 13, வெள்ளி

பனி இல்லை. காற்று.

பதினொரு மணிக்கு மி. டொயில் கடிதம் தந்தார். ‘நிரந்தர’ என்று ரைப் அடித்ததை மையால் கீறி, மேலே ‘மூன்று மாதத் தவணை’ என்று கையால் எழுதிக் கையெழுத்து. புத்தகத்தை முடி, பிறகு பார்ப்போம் என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் கூடப் பயம்.

சிவாவுக்குப் போன் பண்ணினேன். “லெற்றர்ஹெட் உன்ரை லாச்சிக்குள்ளைதானே கிடக்கு? நீதானே ரைப் அடிக்கிறனி. ஒரேயொரு சொல்லை மாத்தினால் போதுமடாப்பா.” உண்மைதான். மி. டொயில் சாப்பிடப் போயிருந்தார். அவருடைய கையெழுத்தும் ஒரு சுழிதான். மலரையும் பிள்ளையையும் நினைத்தேன். மேசை லாச்சியை இழுத்துத் திறந்தேன், அச்சகத்தின் பெயர் போட்ட வெற்றுத்தாள்கள். மூடினேன்.

திங்கள் ஒன்பதரைக்கு இமிகிரேஷன். கீறின கடிதத்தோடுதான் போகிறேன். மலருக்கு என்ன எழுதுவது?